பென்சிலில் எழுதிய வீதம்

யாழ்ப்பாண நகரில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் அவருடைய அறை. வெளிநாட்டு வணிகக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பவர்களின் புள்ளிகளும் கட்டுரையும் உள்ள கோப்பைப் பார்த்து, இடம் கிடைக்குமா என்று சொல்வது அவர் வேலை. மெலிந்த மனிதர், கழுத்துவரை பொத்தான் போட்டிருப்பார். வாய்ப்பு நூற்றுக்கு எத்தனை வீதம் என்று கோப்பின் மூலையில் பென்சிலால் எழுதுவார். அதைத் திருத்தினால் அழிறப்பர்த் தூளை ஊதித் தள்ளுவார்.

எனக்கு இருபது என்று எழுதினார்.

“புள்ளியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனால் கட்டுரையிலை உங்கடை கதை ஒண்டும் இல்லையே பிள்ளை. உப்பிடி எழுதினால் எடுக்க மாட்டினம். வீட்டிலை ஆரும் சண்டைக் காலத்திலை காணாமல் போயிருக்கினமோ?”

பிறந்த திகதியைக் கேட்பதுபோல் கேட்டார்.

“ஓம். என்ரை அண்ணை.”

“அதை எழுதுங்கோ.”

இருபதை அழித்து நாற்பது என்று எழுதினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உங்கடை வீட்டிலை ஒருத்தரும் காணாமல் போகேல்லையோ சேர்?” என்று வேண்டுமென்றே கேட்டேன்.

“மகன்,” என்றார்.

இம்முறை அவர் தூளை ஊதவில்லை. விரலால் கூட்டி, உள்ளங்கையில் எடுத்து மூடிக்கொண்டார்.

அண்ணையை எழுதினேன். இடம் கிடைத்தது. அந்தக் கட்டுரையை அம்மாவுக்கு இன்னும் காட்டவில்லை. நான் படியிறங்கிய பிறகு அவர் அந்தக் கையை எப்போது விரித்திருப்பார் என்றும் தெரியவில்லை.