ஏற்க மறுத்த வாக்குமூலம்

ஒருவரைத் தடுத்து வைத்தால் உடனே காரணம் சொல்ல வேண்டும் என்கிறது கனடாச் சட்டம். யாழ்ப்பாண நீதிமன்றத்தில் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இங்கு வந்ததும் முதலில் படித்தது அதைத்தான்.

தொண்ணூறுகளில் ஒரு மார்கழி. விமான நிலையத்தில் வேலை செய்த பக்கத்து வீட்டுக் கறுப்பின இளைஞர் டெவன், ஊரிலிருந்து எங்களுக்கு வந்த பார்சலை எடுக்க என்னையும் மனைவியையும் தன் காரில் கூட்டிச் சென்றார். திரும்பும் வழியில், ரெக்ஸ்டேல் பகுதியில், பொலிஸ் மறித்தது. காரணம் சொல்லவில்லை. என் காலடியில் இருந்த காய்ந்த வல்லாரைப் பையை எடுத்த பொலிஸ்காரர் டெவனிடம் கேட்டார்: “எவ்வளவு காலமாகக் கஞ்சா விற்கிறாய்?”

காரின் பின் சீற்றிலிருந்து மனைவி, “வாயைத் திறவாதேங்கோ. எங்கட அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை,” என்றாள்.

திறந்தேன். “அது என்னுடையது. மருந்து இலை.”

பொலிஸ்காரர் கனிவாகச் சிரித்தார். “இவனுக்குப் பயந்து பொய் சொல்லாதீர்கள், ஐயா.”

குற்றத்தை மறுத்தவர்களை நம்பாத நீதிமன்றத்தில் வாழ்நாளைக் கழித்தவன் நான். ஒப்புக்கொண்டவனை நம்ப மறுத்ததை அன்றுதான் கண்டேன். என்னை ஒருவரும் சோதிக்கவில்லை, கைவிலங்கு டெவனுக்குத்தான். அதுவரை என்னைக் கைது செய்துவிடுவார்களோ என்று பயந்தேன். அதன்பின், நான் என்ன சொன்னாலும் அவரை விடமாட்டார்கள் என்று பயந்தேன்.

தை மாதமே டெவனின் வேலை போய்விட்டது. அது கஞ்சா அல்ல என்ற ஆய்வுகூடப் பதில் வந்தது, சித்திரை வருடப்பிறப்புக்கு மறுநாள்.