மாடம்பாக்கத்துக் கிச்சடியும் மீதி வாளியும்

மாடம்பாக்கம் பக்கம் ஒரு பள்ளி, பெயர் வேண்டாம். காலை உணவுத் திட்டத்தை மதிப்பீடு செய்யப் போன எங்கள் குழுவுக்கு அங்கேதான் தலைவலி. கிச்சடி போடும் நாளெல்லாம் மீதியைக் கொட்டும் வாளி நிரம்பி வழிந்தது. அந்த வாளியைத் தராசில் வைத்து எடை போடுவதுதான் எங்கள் வேலை. எங்கள் பாஷையில் அது 'பிளேட் வேஸ்ட்'.

"சமையல் சரியில்லைன்னு எழுதிடுங்க மேடம். இந்தக் கிச்சனை மூடிட்டு வெளியிலேர்ந்து வேன்ல சாப்பாடு அனுப்பட்டும்" என்றார் குழுத்தலைவர். அப்படி எழுதினால் சமையல் செய்யும் செல்விக்கு வேலை போய்விடும்.

செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னா மேடம் கொற கீது இதுல? நீங்களே சாப்ட்டு பாத்தீங்கல்ல?"

சாப்பிட்டுப் பார்த்தேன்தான். கேரட், பீன்ஸ் எல்லாம் பதமாக வெந்த அருமையான கிச்சடி. பிறகு ஏன் வாளி நிரம்புகிறது? மண்டை காய்ந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ருசி பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு தட்டை முதலிலேயே எடுத்துத் தலைமையாசிரியர் அறையில் மூடி வைத்துவிடுவார்கள். ஃபேனுக்குக் கீழே ஆற அமர உட்கார்ந்து சாப்பிட்டு மார்க் போடுவோம். மறுவாரம் அந்த மரியாதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தட்டோடு பிள்ளைகள் வரிசையில் தரையில் உட்கார்ந்தேன். முதல் வாயிலேயே நாக்கு பொத்துப்போனது!

பக்கத்திலிருந்த இரண்டாம் வகுப்புப் பெண் சிரித்தாள். "ஊதி ஊதி சாப்டணும் மிஸ்."

அவளும் ஊதிக்கொண்டேதான் இருந்தாள். ஓரத்திலிருந்து நாலு வாய் எடுத்திருப்பாள், பிரேயர் பெல் அடித்துவிட்டது. தட்டில் இருந்ததை அப்படியே வாளியில் கொட்டிவிட்டு ஓடினாள். அவள் பின்னால் மொத்த வரிசையும்.

'சூடாகப் பரிமாற வேண்டும்' என்று கேட்பதே நாங்கள்தான். அதற்குத் தனியாக மார்க் வேறு. அந்த மார்க்குக்குப் பயந்து செல்வி அடுப்பிலிருந்து நேரே தட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். முதலிலேயே எடுத்துவைத்த எங்கள் தட்டு மட்டும் நாங்கள் சாப்பிட உட்காருவதற்குள் ஆறியிருந்தது. ஓடிப்போய்த் தலைவரிடம் சொன்னேன்.

"நாம மார்க் போட வந்திருக்கோம் மேடம், மாத்த வரல."

"ஒரே ஒரு நாள் சார். அப்புறம் நீங்க சொல்றத எழுதறேன்."

அடுத்த கிச்சடி நாளன்று செல்வி சீக்கிரமே இறக்கி, அகலமான தாம்பாளங்களில் பரப்பி ஆறவைத்தார். பெல்லைக் கொஞ்சம் தள்ளி அடிக்கத் தலைமையாசிரியரும் ஒப்புக்கொண்டார். பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருப்பதுபோல நான் வாளி பக்கத்திலேயே நின்றேன். ஒருத்தி வந்து கறிவேப்பிலையைப் போட்டாள். இன்னொருத்தன் பச்சைமிளகாய். அவ்வளவுதான்! என்னோடு உட்கார்ந்த அந்தப் பெண் இரண்டாம் முறை வாங்கத் தட்டோடு போய்க்கொண்டிருந்தாள்.

தலைவர் வாளியைத் தராசில் வைத்தார். ஒருமுறை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தார்.

"வெறும் வாளியோட வெயிட்டைத்தான் மேடம் காட்டுது" என்றார்.

கிச்சனை மூடும் பேச்சு அதோடு முடிந்தது. "இன்னைக்கு வாளி கழுவுற வேலையே இல்ல மேடம்!" என்று செல்வி கத்தியது தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

மதிப்பீட்டு வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, ஃபேனுக்குக் கீழே உங்களுக்கென்று மூடி வைத்த தட்டைத் தொடாதீர்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து, அவர்களுக்கு அடிக்கும் பெல்லுக்குள் நீங்களும் சாப்பிட்டு முடியுங்கள். அதற்குப் பிறகு மார்க் போடுங்கள்.