தட்டாத தந்திகள்

கல்யாணமாகி நாகர்கோவிலிலிருந்து திருப்பூருக்கு வந்த என் மனைவிக்கு இந்த ஊரில் பிடித்திருந்தது ஒன்றே ஒன்று, எங்கள் சர்ச்சில் இருந்த பழைய பியானோ. கரையான் ஏறிவிட்டது, கொடுத்துவிடப் போகிறோம் என்றார்கள். நான் அவசரமாக ஒரு டிஜிட்டல் பியானோ வாங்கி வந்தேன். இரண்டு நிமிடம் வாசித்தவள் செத்த சத்தம் என்று எழுந்துவிட்டாள். பிறகு அதைத் தொடவே இல்லை.

அவள் வாசிக்காத வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கம்பெனி விட்டு வந்தால் குட்டி போட்ட பூனை மாதிரி இரண்டு அறைக்கும் அலைவேன். யோசித்து யோசித்துக் குறையைப் பிடித்தேன். நிஜப் பியானோவில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொன்றைத் தட்டினால், தட்டாத தந்தியும் கூடவே லேசாக அதிரும். எங்கள் பெட்டிக்குள் தந்தியே கிடையாது, எது அதிரும்?

சர்ச் பியானோ போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அந்த அதிர்வை மட்டும் கட்டை கட்டையாகப் பதிவு செய்துகொண்டேன். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வாசிக்கும்போது அடியில் சேர்ந்து ஒலிக்க வைப்பதற்குள் மூன்று மாதம் ஓடிவிட்டது. கீழ்வீட்டு ஓனரம்மா மேலே வந்து, "ஏனுங்க, ஒரு வாரமா ஒரே கட்டையவே தட்டறீங்க, பொட்டி ரிப்பேருங்களா?" என்று கேட்டார். எரிந்து விழுந்தேன். பாவம், அவர் கேட்டதில் என்ன தப்பு.

பனியன் கம்பெனியில் நான் செக்கிங் இன்சார்ஜ். பிசிறு தெரிந்தால் வெட்டச் சொல்வதும், தையல் கோணினால் ஓடுகிற லைனை நிறுத்துவதும்தான் என் பிழைப்பு. பதிவிலும் கரகரப்பு, மரத்தின் முனகல் என்று கேட்டதையெல்லாம் பிசிறாக வெட்டித் தள்ளினேன். அவளுக்குப் போட்டுக் காட்டியபோது, மழமழவென்று இருக்கிறது, நம் பியானோ இல்லை என்றாள். வெட்டியதையெல்லாம் திரும்பச் சேர்த்தேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவளாகவே வந்து உட்கார்ந்தாள். முதலில் ஒரு கை, பிறகு இரண்டு கையும். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பாட்டின் நாலாவது வரியில் ஒரு அதிர்வு கொஞ்சம் கூடுதலாக இழுத்தது. "நிறுத்து, நிறுத்து" என்று அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். சனியன் பிடித்த கை.

அவள் நிதானமாகக் கேட்டாள். "நான் என்ன உங்க லைன்ல உக்காந்திருக்க டெய்லரா?"

மூடியைச் சாத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மன்னிப்புக் கேட்டேன், கெஞ்சினேன். சரி சரி என்றாள். ஆனால் உட்காரவில்லை.

பத்து நாள் கழித்து, துணி வராததால் கம்பெனியில் மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். மாடிப்படி ஏறும்போது வாசிப்புக் கேட்டது. அதே பாட்டு, முழுதாக. நான் மூன்று மாதம் சேர்த்த அதிர்வு ஒன்றுகூட அதில் இல்லை. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, செத்த சத்தம் என்றாளே, அதிலேயே வாசித்துக்கொண்டிருந்தாள். தப்பு வந்த இடத்தில் சிரித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். உள்ளே போனால் நிறுத்திவிடுவாள் என்று பயந்து, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.