மூடி மேல் நின்ற நசீமா மேடம்

பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் பஸ் நின்றிருந்தபோது, நசீமா மேடம் மாரடைப்பில் போய்விட்டார் என்று கைபேசியில் செய்தி வந்தது. எங்கள் தொழிற்சாலைக் குழுவில் வரும் எதையும் உடனே நம்பிவிடக் கூடாது. பாதிப் பேரை அதில் வதந்தியாலேயே பலமுறை வேலையை விட்டு அனுப்பியிருக்கிறோம். பேரணாம்பட்டில் அவர் வீட்டுக்கே பேசினேன். தம்பி எடுத்து, "ஆமா சார்" என்றார்.

ஆம்பூருக்கு வெளியே இருக்கும் எங்கள் தோல் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் இரண்டே பேர். வேலை தெரிந்தவர் அவர். தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்பவன் நான். மேடம் ஒரு மின்னஞ்சலை அனுப்பிவிட்டு, வந்ததா என்று கேட்க மாடி ஏறிப் போவார். வம்பு பேசத்தான் போகிறார் என்று நான்தான் கிளப்பிவிட்டேன். காதில் விழுந்தபோது அவர் கோபப்படவில்லை. "அனுப்புறது வேலை இல்ல சார். போய்ச் சேரணும், அதான் வேலை."

போன மழைக்காலத்தில் ஒரு பகல். கழிவுநீர்க் குழியின் மோட்டார் அடைத்துக்கொண்டது. தண்ணீர் விளிம்புக்கு வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் ஏறினால் ரோட்டுக்கு ஓடும். அடைப்பு எடுக்க, குழியை ஒட்டித் தரைக்கடியில் இருக்கும் மோட்டார் அறைக்குள் தொழிலாளி ஏழுமலை இறங்க வேண்டும். உள்ளே விஷவாயு இருந்தால் அலற ஒரு சைரன் உண்டு. வாயுவை அளந்து அதை நடத்துவது, டிபன் பாக்ஸ் அளவு லினக்ஸ் கம்ப்யூட்டர் பெட்டி. அந்த நேரம் பார்த்து கரண்ட் போய் வந்தது. பெட்டி எழுந்தது, வாயுவை அளக்கும் புரோகிராமும் சைரன் புரோகிராமும் எழவில்லை.

மற்ற கம்ப்யூட்டர்களில் இதையெல்லாம் எழுப்பிவிடவும், விழுந்தால் தூக்கி நிறுத்தவும் ஒரு மேலாளர் புரோகிராம் உண்டு. நான் கம்பீரமாக அதைக் கூப்பிட்டேன். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றது பெட்டி. சின்னப் பெட்டி என்று அவரை வைக்காமலே விற்றிருக்கிறார்கள். பெட்டி விற்ற கம்பெனிப் பையன் சென்னையிலிருந்தபடியே உள்ளே நுழைந்து புரோகிராம்களை ஓடவிட்டான். திரையில் பச்சை, உள்ளே வாயு இல்லை என்று. "ஓகே சார்" என்று இணைப்பைத் துண்டித்தான். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

"பச்ச வந்துட்ச்சி. எறங்குடா ஏழுமல" என்றார் கோபால் மேஸ்திரி.

ஏழுமலை ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டான். திரையைப் பார்த்த நசீமா மேடம் அவன் சட்டையைப் பிடித்து மேலே இழுத்தார். இரும்பு மூடியைத் தள்ளி மூடி, அதன்மேல் ஏறி நின்றார்.

"இன்னா மேடம் இது? தண்ணி ரோட்டுக்குப் போவுது."

"போகட்டும் மேஸ்திரி. திரையில நேரம் நகரல பாருங்க. அந்தக் கம்பெனிப் பையன் லைனைக் கட் பண்ணதும் புரோகிராம் செத்துப் போச்சு. இது செத்த பச்ச."

"மொதலாளிக்கு யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். அவசரம்னா என்னைத் தள்ளிட்டு எறக்குங்க."

யாரும் அசையவில்லை. மூடியை விட்டு இறங்காமலே லேப்டாப்பைக் கேட்டார். முதலில் வாயுவை அளக்கும் புரோகிராம், பிறகு சைரனுடையது. லைன் போனாலும் சாகாதபடி இரண்டையும் லைனிலிருந்து கழற்றித் தனியே ஓடவிட்டார். வேண்டுமென்றே லேப்டாப்பை மூடினார். திறந்தார். இரண்டும் உயிரோடிருந்தன.

சைரன் அலறத் தொடங்கியது. மேஸ்திரி காதைப் பொத்திக்கொண்டு, "டெஸ்டா மேடம்?" என்றார்.

"இன்னும் டெஸ்ட் பண்ணல."

திரை சிவப்பாக இருந்தது. ஏழுமலை அப்படியே தரையில் உட்கார்ந்தான். என் கட்டைவிரலை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

வாடகைக்கு வேறு மோட்டார் வந்து மேலேயிருந்தே தண்ணீரை இறைத்தது. அதற்குள் கொஞ்சம் ரோட்டுக்கும் ஓடி, மேடம் முதலாளியிடம் மொத்தமாகத் திட்டு வாங்கினார். மறுநாள், பெட்டி எழும்போதே அந்த இரண்டும் தானாக எழும்படி எழுதிவைத்தார்.

மேடத்தை அடக்கம் செய்த கபர்ஸ்தானில் ஏழுமலை எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தான். "அன்னிக்கு எங்கிட்ட ஒரு வார்த்த பேசல சார் அவங்க. சட்டயப் புடிச்சி இழுத்தாங்க, அவ்ளோதான்" என்றான்.

எதையும் திரும்பத் திரும்பக் கேட்டுத் தொல்லை செய்கிறார் என்று அவரை நாங்கள் முதுகுக்குப் பின்னால் 'பேஜார் மேடம்' என்போம். அடக்கம் முடிந்த மறுநாள், எல்லாம் ஓடுது என்று சொன்ன ஒருவனிடம், "நீ கண்ணால பாத்தியா?" என்று கேட்டுவிட்டேன். அவன் திரும்பிப் போகும்போது, "பேஜார் சார்" என்று முனகியது கேட்டது. அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்தப் பெயர்தான். வைத்துக்கொள்கிறேன்.