அது கருஞ்சீரகம் இல்லை

நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம் ஜவ்வாது மலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு புதுச் செடி முளைத்தது. அதன் சரியான பெயரைக் கண்டுபிடித்தது நான்தான். அதற்குப் பிறகு எவ்வளவோ படித்துவிட்டேன், பரீட்சைகளில் தேறிவிட்டேன். ஆனால் அந்தத் தை மாதத்தில் துள்ளியதுபோல் இன்றுவரை எதற்கும் துள்ளியதில்லை.

விதையைக் கொண்டுவந்தது அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. வாணியம்பாடிப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் மூன்று வருடம் மெஷினில் தோல் தைத்தவள். "போதும், வூட்டுக்கு வந்துடு" என்று அப்பா திரும்பத் திரும்ப போன் போட்டதில் ஐப்பசிக் கடைசியில் மலைக்கு வந்து சேர்ந்தாள். வரும்போது துணிப் பையோடு ஒரு தகர டப்பாவும் கொண்டுவந்தாள். டப்பாவுக்குள் எள்ளைவிடக் கறுப்பாக, முனை முனையாக, ஒரு கை அளவு விதை. பக்கத்து மெஷினில் தைத்த தோழி கொடுத்ததாம். அந்தத் தோழியை அத்தை ஆபா என்பாள். உருதுவில் அக்கா என்று அர்த்தம். ஆபாவின் வீட்டார் வாணியம்பாடிக் கடைத்தெருவில் மளிகை வியாபாரம் செய்தார்கள்.

"கருஞ்சீரகம்ணா இது. நாண் ரொட்டி மேல தூவுறாங்களே, அது. மருந்துக்கும் வாங்கறாங்க. கீழ வெயில்ல வராது. நம்மூர் மார்கழிப் பனிக்கு நல்லா வரும்" என்றாள் அத்தை.

நாண் ரொட்டியை எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் அத்தை சொன்ன வேகத்தில் அது அடுத்த வாரமே எங்கள் மலைக்கு ஏறி வந்துவிடும் போலிருந்தது. சாமை அறுத்து முடிந்து பின்பக்கத்து நிலம் சும்மாதான் கிடந்தது. அப்பா வெகுநேரம் யோசித்தார்.

"சரி, அஞ்சு சென்ட்டு எடுத்துக்க. நீ சொன்ன கருஞ்சீரகம் வெளஞ்சு கடையில கொண்டுபோய்ப் போட்டுட்டேன்னா உன் இஷ்டம். இல்லாங்காட்டி நான் பாத்து வெச்சுகீற எடத்துக்கு நீ ஒத்துக்கணும். இன்னா?"

"ஒத்துக்கறேண்ணா" என்றாள் அத்தை.

இடம் என்றால் நிலம் என்றுதான் நான் நினைத்தேன். ஓடைக்கு அந்தப் புறம் எங்களுக்குக் கல்லும் முள்ளுமாக ஒரு துண்டு நிலம் உண்டு. இது விளையாவிட்டால் அத்தை அங்கே போய்ப் பாடுபட வேண்டும் போலிருக்கிறது, பாவம், தண்ணீரைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் நடக்க வேண்டுமே என்று கவலைப்பட்டேன். அப்படியானால் நானும் ஒரு குடம் தூக்கலாம் என்று மனதுக்குள் முடிவும் செய்துகொண்டேன்.

கார்த்திகையில் விதைத்தோம். விதையை ஓடை மணலில் கலந்து அத்தை தூவ, நான் பின்னாலேயே போய் விளக்குமாற்றால் மண்ணை மெல்லக் கோதிவிட்டேன். ஆழமாகப் போனால் முளைக்காதாம். கோழிகள் கிளறாமலிருக்க சுற்றிலும் முள் வைத்தோம். காலையும் மாலையும் பூவாளியில் தண்ணீர் தெளிப்பது என் வேலை. பத்து நாள், பன்னிரண்டு நாள், ஒன்றுமில்லை. பதிமூன்றாம் நாள் காலை நான் பல்லில் பிரஷ்ஷோடு போய்ப் பார்த்தபோது தரையெல்லாம் பச்சைப் பொடி தூவினாற்போல் இருந்தது. வாயில் நுரையோடு நான் கத்தியதைக் கேட்டு அத்தை பாம்புதான் என்று தடியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

செடி வளர வளர எங்களுக்கு அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இலை என்று சொல்லும்படி அதில் ஒன்றும் கிடையாது. எல்லாம் பச்சை நூல். மார்கழிக் காலையில் ஒவ்வொரு நூலிலும் பனித்துளி கோர்த்திருக்கும். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் அஞ்சு சென்ட்டும் புகைந்துகொண்டிருப்பது போலத் தெரியும். நான் பள்ளிக்கூடம் போகுமுன் அடிக்குச்சியை வைத்து அளப்பேன். அத்தை சாயங்காலம் அதே செடியை மறுபடி அளந்து, "பாத்தியா, உன் எதிர்ல வெக்கப்படுது, என் எதிர்ல வளருது" என்பாள்.

பொங்கல் கழிந்த நாலாம் நாள் முதல் பூ விரிந்தது. மொட்டாக இருந்தபோது வெள்ளையாகத்தான் இருந்தது. இரண்டு நாளில் வானத்தின் நிறத்துக்கு வந்துவிட்டது. நடுவே கொம்பு கொம்பாகப் பச்சை நீட்டிக்கொண்டு நின்றது. பூவைச் சுற்றி ஒரு நூல் வலை, யாரோ பின்னல் ஊசியால் பின்னி அதன் மேல் பூவை உட்கார வைத்ததுபோல. ஒரு வாரத்தில் நிலம் முழுக்க நீலம். அம்மா அடுப்பை விட்டுவிட்டு வந்து, "இன்னாடி இது, சாமி படத்துக்குப் பின்னால பெயிண்ட் அடிச்ச மாதிரி கீது" என்றாள். ஊரே வந்து பார்த்தது. பஸ் டிரைவர்கூட வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து போனில் படம் பிடித்துக்கொண்டு போனார். என்ன பூ என்று யார் கேட்டாலும் அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "கருஞ்சீரகம்" என்பாள். பெற்ற பிள்ளையின் பெயரைச் சொல்வது போலச் சொல்வாள்.

நான் ஒரு பூவைத் தண்டோடு பறித்து டிபன் பாக்ஸில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போனேன். அறிவியல் டீச்சர் தினமும் ஆலங்காயத்திலிருந்து பஸ்ஸில் வருபவர். பூவைப் பார்த்ததும் பாடத்தை நிறுத்திவிட்டார். பள்ளிக்கூடத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் நின்றால்தான் போனில் சிக்னல் கிடைக்கும். வகுப்பு முழுவதும் தொட்டிக்கு அடியில் போய் நெருக்கியடித்து நின்றோம். டீச்சர் பூவைப் படம் பிடித்துத் தேடினார். போன் இரண்டு பூக்களைக் காட்டியது. ஒன்று கருஞ்சீரகம். இன்னொன்று அதற்கு அக்கா தங்கை மாதிரி, அழகுக்காக வளர்க்கிற பூ. எங்கோ கடல் தாண்டிய நாடுகளில் வயல் ஓரத்தில் தானாக முளைத்துக் கிடந்ததை யாரோ தோட்டத்துக்குக் கொண்டுவந்து வளர்த்திருக்கிறார்கள்.

"ரெண்டும் ஒரே குடும்பம். நம்ம ஓடை ஓரத்துல வெள்ளையா பஞ்சு வால் விட்டுட்டுப் படரும் பாரு ஒரு கொடி, அதுகூட இந்தக் குடும்பம்தான். இப்போ நீங்களே சொல்லுங்க, இது எது?" என்று டீச்சர் போனை எங்கள் கையில் கொடுத்துவிட்டார்.

ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். நான் இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கருஞ்சீரகப் பூ மொட்டைக் காம்பில் தனியாக நின்றது. மற்றதற்கு அடியில் நூல் வலை இருந்தது. டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தேன்.

"டீச்சர், வலை. எங்க பூவுக்கு வலை கீது."

டீச்சர் என்னை முன்னால் நிறுத்தி எல்லோரையும் கைதட்டச் சொன்னார். அந்தப் பூவின் பெயரைக் கேட்டபோது போனைப் பார்த்து வாய்க்குள் ஏதோ படித்து, ஒரு சொல்லை விழுங்கிவிட்டு, "மூடுபனிப் பூன்னு வெச்சுக்க" என்றார். லவ் இன் எ மிஸ்ட் என்ற அதன் முழுப்பெயரை நான் காலேஜுக்குப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

மணி அடித்ததும் ஓட ஆரம்பித்தவள் வீட்டு வாசலில்தான் நின்றேன். அங்கே கீழூர்க்காரர் ஒருவர் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். டிராக்டர் வைத்திருப்பவர். மனைவி தவறிவிட்டார் என்றும் இரண்டு பிள்ளைகள் உண்டு என்றும் அம்மா சொல்லியிருந்தாள். அந்த மாதத்தில் மூன்றாவது தடவையாக வந்திருந்தார். வரும்போதெல்லாம் எனக்கு பிஸ்கட் வாங்கிவருவார் என்பதால் எனக்கு அவரைப் பிடிக்கும். அப்பா எதிரில் இருந்தார். அத்தை கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"பா, அது கருஞ்சீரகம் இல்ல" என்றேன். மூச்சு விடாமல் வலையைப் பற்றிச் சொன்னேன், போனைப் பற்றிச் சொன்னேன், எல்லோரும் கைதட்டியதைச் சொன்னேன். டிபன் பாக்ஸைத் திறந்து வாடிய பூவை ஆதாரமாகக் காட்டினேன்.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. மகள் இவ்வளவு கெட்டிக்காரியாக இருக்கிறாளே என்ற பூரிப்பு என்று எடுத்துக்கொண்டேன். கீழூர்க்காரர் எனக்கு இரண்டு பிஸ்கட் அதிகமாகக் கொடுத்தார்.

"கேட்டுகினியா? பேரு தெரியாத பூவப் போட்டுட்டு கெடக்குற" என்றார் அப்பா உள்ளே பார்த்து.

"பேரு தெரியும்பா. மூடுபனிப் பூ" என்று உதவிக்குப் போனேன்.

அத்தை வெளியே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. "பூவப் பாத்து இன்னாத்தக் கண்டுது கொழந்த. காய் முத்தட்டும்ணா. ஆபாவ வரச்சொல்றேன். மளிகைக் கடைக்காரங்க, வெதைய மோந்தாலே சொல்லிடுவாங்க. அதுக்கப்பறம் பேசிக்கலாம்."

அப்பா கீழூர்க்காரரைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். பங்குனி வரை பார்க்கலாம் என்று முடிவாயிற்று.

அதன்பின் வந்த ஐந்து வாரமும் எனக்கும் அத்தைக்கும் பந்தயம். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டேன். இருவரும் விடிந்ததும் தோட்டத்தில்தான் இருப்போம். பூ உதிர்ந்த இடத்தில் காய் உப்ப ஆரம்பித்தது. சின்ன பலூன் மாதிரி, வழவழவென்று, மேலே ஊதா நிறக் கோடுகளோடு. டீச்சரைக் கேட்டு வந்தேன். கருஞ்சீரகக் காய் இப்படி உப்பாது, மேலே சொரசொரவென்று இருக்குமாம். இதையும் அத்தையிடம் துள்ளிக்கொண்டு சொன்னேன். "எல்லாச் செடியும் ஒண்ணு மாதிரியேவா காய்க்கும்" என்றாள். நான் பள்ளிக்கூடம் போன பிறகு அவள் காய்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துச் சொரசொரப்பைத் தேடுவாள் என்று அம்மா பிறகு சொன்னாள். நான் சாமிக்கு ஒரு ரூபாய் முடிந்து வைத்து, நான் சொன்னதுதான் சரியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் சாமிக்கு சக்தி அதிகம்.

ஆபா ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி பஸ்ஸில் வந்தார். கறுப்பு புர்காவும் வெள்ளை ஷூவுமாக, மலைப்பாதை வளைவுகளில் தலை சுற்றி முகம் வெளுத்திருந்தார். அப்பா புளி மூட்டையோடு ஆலங்காயம் போயிருந்தார். ஆபா ஒரு டம்ளர் தண்ணீர் குடித்ததும் நேராகத் தோட்டத்துக்கு வந்து, நிலத்தைப் பார்த்து, "இவ்ளோ பண்ணியிருக்கியா நீ" என்று அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்துப் பிரித்தார். கடையில் விற்கிற கருஞ்சீரகம். அதை உள்ளங்கையில் தேய்த்து என் மூக்கிடம் நீட்டினார். காரமாக, மருந்துக்கடைக்குள் நுழைந்ததுபோல் நெடி ஏறியது.

அத்தை காய்ந்த காய் ஒன்றை உடைத்தாள். விதை பார்வைக்கு அப்படியே அதேதான். உள்ளங்கையில் வைத்துக் கசக்கினாள். அவள் முகரவில்லை. கையை என் பக்கம் நீட்டினாள்.

"ஜாம் வாசன வருது. பன்னுல தடவுவாங்களே, அந்த ஜாம்" என்றேன்.

ஆபாவும் முகர்ந்தார். வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெல்ல விஷயம் வந்தது. ஆபாவின் அண்ணி பெங்களூரில் ஒரு நர்சரியில் வாங்கிய பூவிதையைக் காலியான ஒரு கருஞ்சீரக டப்பாவில் போட்டு வைத்திருந்தாராம். ஆபா அவசரத்தில் அந்த டப்பாவை எடுத்துவிட்டிருக்கிறார். "என் தப்புதாம்மா. உன் வாழ்க்கையில வெளையாடிட்டேன்" என்றார்.

ஒரு டப்பா மாறியதற்குப் போய் இவ்வளவு பெரிய பேச்சா என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது. நான் ஜெயித்துவிட்டேன். தோட்டத்தைச் சுற்றி மூன்று தடவை ஓடினேன். "நான் சொன்னேன் இல்ல அத்தை, நான் அன்னைக்கே சொன்னேன் இல்ல" என்று அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அத்தை என் தலையில் கைவைத்தாள். "ஆமாண்டி. நீதான் சரியா சொன்ன" என்றாள்.

அதன்பின் பெரியவர்கள் மூவரும் புளியமரத்தடியில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மாதான் அதிகம் பேசினாள் என்பது எனக்கு ஆச்சரியம். அப்பா இருக்கும்போது அவள் அவ்வளவு பேசமாட்டாள். பிறகு உள்ளே போய்ச் சாமை அரிசியைப் பொட்டலமாகக் கட்டினாள். "நாலு மணி பஸ்ஸுக்கு அத்தை கெளம்புது. நீ போய் பைய ஒரு பக்கம் புடி" என்றாள்.

பை கனமாக இருந்தது. அதன் கைப்பிடியில் நானும் அத்தையும் ஆளுக்கொரு பக்கம். "இன்னா அத்தை இவ்ளோ கனம்?" என்றேன்.

"வெதைடி. எல்லாத்தையும் எடுத்துகினு போறேன்."

பஸ் வரும்வரை அத்தை என் சடையை அவிழ்த்து மறுபடி பின்னிவிட்டாள். ஆபா ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார். அந்த பஸ்ஸில் ஏறிய அத்தை மறுபடி மலை ஏற இரண்டு வருடம் ஆயிற்று. இப்போது அதே கம்பெனியில் ஒரு லைனுக்கு சூப்பர்வைசர். தன் விருப்பப்படி ஒருவரைக் கல்யாணமும் செய்துகொண்டாள். அந்தப் பூவைப் பற்றி ஒருநாளும் அவள் என்னிடம் குறையாகப் பேசியதில்லை.

அன்று ஆறரை மணிக்கு அப்பா வந்தார். வந்ததும் வராததுமாக நான் வாசலுக்கே ஓடி, ஜாம் வாசனையையும் டப்பா மாறிய கதையையும் சொன்னேன்.

"அத்தை எங்க?"

"வெதையெல்லாம் எடுத்துகினு வாணியம்பாடிக்குப் போயிருக்குதுபா, ஆபாகூட."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அப்பா தோட்டத்துப் பக்கம் போனார். நானும் கூடவே போனேன். இருட்டுவதற்கு முன் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. அஞ்சு சென்ட்டிலும் காய்கள் செடியில் அப்படியே நின்றன. காற்று அடித்தபோது உள்ளே விதைகள் சலசலத்தன. அப்பா வரப்பிலேயே நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பூவின் பெயர் மறந்துபோயிருக்குமோ என்று நான் இன்னொரு தடவை சொன்னேன்.

"அத்தை அவசரத்துல பறிக்காம போய்ட்டுதுபோலபா. நாளைக்கு நாம பறிச்சு பஸ்ஸுல குடுத்தனுப்பிடலாம்" என்றேன்.