கப்பலில் வரும் கெப்பாசிட்டர்

ஏசி மெக்கானிக் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். வந்ததும் மூடியைக் கழற்றி உச்சுக் கொட்ட வேண்டும். "இதுக்கு முன்னாடி யார் சார் பார்த்தது?" என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டும். பிறகு கேஸ் போய்விட்டது, போர்டு போய்விட்டது, பேசாமல் புதுசே வாங்கிவிடுங்கள் என்று படிப்படியாக ஏற வேண்டும். நம்ம ஆளுக்கு இதில் ஒன்றுகூட வராது. அவர் பார்ப்பார், காதைச் சொறிவார், "கெப்பாசிட்டர்தான் போயிருக்கு" என்பார். மோட்டாரைச் சுற்ற வைக்கும், டப்பி அளவில் இருக்கும் அந்தச் சின்ன சாமானைப் பையிலிருந்து எடுத்து மாட்டிவிட்டுப் போய்விடுவார். கைக்குழந்தைக்காரிகள் பையில் பிஸ்கட் வைத்திருப்பதுபோல அவர் பையில் எப்போதும் நாலைந்து கெப்பாசிட்டர் கிடக்கும். அதனால் ஊரே அவரைக் கெப்பாசிட்டர் என்றுதான் கூப்பிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே ஒருமுறை திரும்பிப் பார்த்து, வேறு யாரையோ என்று நடந்துவிடுவார்.

இது போதாதென்று வேறு சில கெட்ட பழக்கங்களும் உண்டு. இரண்டாவது ஏசி மாட்ட வேண்டும் என்று வந்த மனிதரிடம், "மேற்கு ஜன்னலுக்கு ஒரு கனத்த திரை போட்டுப் பாருங்க" என்றார். அந்த மனிதர் திரை போட்டார். நன்றாகத்தான் இருந்தது. வியாபாரம் திரைக்கடைக்காரருக்குப் போனது. மற்ற மெக்கானிக்குகள் பழைய கேஸை உஸ்ஸென்று காற்றில் விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகும்போது, இவர் மட்டும் ஒரு சிலிண்டரைத் தோளில் சுமந்துபோய் அதில் அந்தக் கேஸைப் பிடித்துக்கொண்டு வருவார். காற்றைக் கெடுக்கக் கூடாதாம். அந்தச் சிலிண்டர் வீட்டில் கட்டிலுக்கடியில் இருக்கும். அவர் மனைவி வீடு பெருக்கும்போதெல்லாம் அதில் கால் விரலை இடித்துக்கொண்டு, காற்றைப் பற்றி அவ்வளவு நல்லதாக இல்லாத சில வார்த்தைகள் சொல்வாள்.

மனைவி என்று சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. போனை எடுப்பவள், நேரம் குறிப்பவள், கோபமாகப் பேசும் வாடிக்கையாளரைச் சிரிக்க வைத்துவிட்டுப் போனை வைப்பவள் அவள்தான். கடை என்று அவர்களுக்கு இருந்ததே சமையலறை மேடையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் கிடக்கும் அந்தப் போன்தான்.

வெயில் ஆரம்பிப்பதற்கு முன்னால் ஓய்வுபெற்ற நீதிபதியம்மா வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. மூன்றாவது மாடி. குளிர்மாதங்களில் ஓடாமல் கிடந்த ஏசியைச் சுத்தம் செய்து ஓட்டிக் காட்ட வேண்டும். கதவைத் திறந்ததுமே அம்மா உத்தரவு போட்டுவிட்டார்.

"வெளி யூனிட்டுல புறா கிறா கூடு கட்டியிருந்தா, என்கிட்ட கேட்டுக்கிட்டு நிக்க வேண்டாம். எடுத்துத் தூரப் போட்டுடுங்க."

அம்மாவுக்கும் புறாக்களுக்கும் பழைய வழக்கு. கொடியில் காயும் வெள்ளைத் துணியாகப் பார்த்து அவை கையெழுத்துப் போட்டன. அம்மா பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் ஆந்தையை வாங்கி நிறுத்தினார். இப்போது புறாக்கள் அந்த ஆந்தையின் தலைமேல் உட்கார்ந்து இளைப்பாறின.

கெப்பாசிட்டர் பின்பக்க ஜன்னல் வழியாக இறங்கி, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு வெளி யூனிட்டின் மேல்மூடியைக் கழற்றினார். விசிறியை மூடியிருக்கும் முன்பக்கக் கம்பிக்கூண்டு ஓரத்தில் உடைந்திருந்தது. உள்ளே, விசிறிக்கு நேர் கீழே இரண்டு குஞ்சுகள். அழகு என்று சொல்ல மனசாட்சி இடம் தராது. மஞ்சள் மயிர் அங்கொன்றும் இங்கொன்றும், முகத்தைவிடப் பெரிய மூக்கு. ஆனால் அவற்றின் தொண்டை துடித்துக்கொண்டிருந்தது. சுவிட்சைப் போட்டால் விசிறி ஒரே சுற்றில் வேலையை முடித்துவிடும். "போட்டு விடு, அதுவே கிளீன் பண்ணிக்கும்" என்று தொழிலில் சிரித்துக்கொண்டே சொல்பவர்கள் உண்டு. இவருக்கு அந்தச் சிரிப்பு என்றைக்கும் வந்ததில்லை. எடுத்து வேறிடத்தில் வைத்தால் தாய் தேடி வரும் என்று என்ன நிச்சயம்? உண்மையைச் சொன்னால் அம்மாவின் உத்தரவு முன்பே கையில் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் இப்போதே ஓட்டிக் காட்ட வேண்டும்.

அவர் மூடியைத் திரும்ப மூடினார். யூனிட்டுக்குப் போகும் வயரைக் கழற்றி டேப் சுற்றினார். ஹாலுக்கு வந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாடிக்கையாளரிடம் பொய் சொல்ல வாயைத் திறந்தார்.

பழக்கமில்லாத மனிதன் பொய் சொன்னால் இப்படித்தான் ஆகும். போர்டு என்று சொல்லியிருக்கலாம். கம்ப்ரஸர் என்று சொல்லியிருக்கலாம். எத்தனை பெரிய பெரிய சாமான்கள் இருக்கின்றன! வாய் போன வழியே போயிற்று.

"கெப்பாசிட்டர் போயிருக்கும்மா. வெளியிலேருந்து வரணும்."

அம்மா அவரைப் பார்த்தார். பிறகு அவர் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"அய்யோ, என்னங்க நீங்க! உலகத்துல வேற பார்ட்டே கெடைக்கலையா உங்களுக்கு?"

"வாயில அதுதான் வந்துச்சு."

"அந்தம்மா வேற ஆளைக் கூப்பிட்டா?"

"வயரை மாட்டிப் போட்டுடுவான். அவ்வளவுதான்." இதைச் சொல்லிவிட்டு, தோளில் பையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மனைவி அதைக் கவனித்தாள். கட்டிலடிச் சிலிண்டருக்காக அவரைத் தினமும் திட்டுகிறவள், அன்றைக்குத் திட்டவில்லை.

"இனிமே போன் வந்தா நீங்க எடுக்காதீங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அவள் பார்த்துக்கொண்ட அழகு தனிக்கதை. வெயில் ஏற ஏற அம்மாவின் போனும் அடிக்கடி வந்தது. முதலில் பார்ட் கம்பெனியிலிருந்து கிளம்பிவிட்டது என்றாள். பிறகு கப்பலில் ஏறிவிட்டது என்றாள். அடுத்த தடவை கடலில் காற்று சரியில்லை, கப்பல் வழியில் நிற்கிறது என்று வருத்தப்பட்டாள். இவர் பக்கத்தில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டார். அவளுக்கோ கதை பிடித்துப்போய்விட்டது. சொல்லச் சொல்ல அந்தக் கப்பல்மேல் பாசமே வந்துவிட்டது.

இப்படியே ஓடியிருக்கும். ஆனால் ஒருநாள் அம்மா கெப்பாசிட்டரைத் தெருவில், பழக்கடை வாசலில் மடக்கிவிட்டார்.

"பார்ட் என்ன ஆச்சு?"

"லாரியில வந்துக்கிட்டிருக்கும்மா."

"எந்த லாரி?"

"மலைப்பாதை... அங்க ஒரு பாறை விழுந்து..."

அம்மாவின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்த வக்கீல்கள் பலர் அந்தக் காலத்தில் வேறு கோர்ட்டுக்கு மாற்றல் கேட்டிருப்பார்கள்.

"நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் வீட்டுக்கு வாங்க. நீங்களும் உங்க வீட்டம்மாவும்."

மறுநாள் ஹாலில் காற்றே இல்லை. மேலே ஒரு பழைய மின்விசிறி இறக்கைகளை எண்ணிப் பார்க்கும் வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரே சோபாவின் நுனியில் புருஷனும் பெண்டாட்டியும்.

"ஒரு சாட்சி கப்பல்ங்கறாங்க. இன்னொரு சாட்சி லாரிங்கறார். பார்ட் என்னன்னு பார்த்தா, உங்க பேரே அதுதான்."

"கப்பல்லேருந்து எறக்கி லாரியில ஏத்தியிருப்பாங்க மேடம்" என்றாள் மனைவி. விட மனமில்லை.

"மலைப்பாதையிலயா?"

மனைவி புருஷனைப் பார்த்தாள். புருஷன் தரையைப் பார்த்தார். அவருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"எல்லாம் பொய்தான்மா. மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. உள்ள புறாக் குஞ்சு ரெண்டு இருக்கு. ஓட்டினா செத்துடும். உங்ககிட்ட சொன்னா எடுத்துப் போடச் சொல்லிடுவீங்கன்னு பயந்துட்டேன். வேற மெக்கானிக்கைக் கூப்பிடறதுன்னா கூப்பிடுங்க, ஆனா இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக் கூப்பிடுங்கம்மா. இறக்கை மொளைச்சுக்கிட்டிருக்கு."

அம்மாவின் முகம் சிவந்தது.

"ஒரு புறாவுக்காகவா என்னை இத்தனை நாளா இந்த வெயில்ல வேக வெச்சீங்க?"

"ரெண்டும்மா" என்றார் கெப்பாசிட்டர். இந்த நேரத்திலும் கணக்கு தப்பக்கூடாது அவருக்கு.

"காட்டுங்க."

பின்பக்க ஜன்னலைத் திறந்து, கையை நீட்டி மேல்மூடியை நகர்த்தினார். அம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்தார். தாய்ப்புறா படாரென்று பறந்து ஆந்தையின் தலைக்குப் போனது. குஞ்சுகளில் ஒன்று மூலையில் ஒடுங்கியது. மற்றது ஒடுங்கவில்லை. பாதி முளைத்த இறகுகளைச் சிலிர்த்து, இருந்த உடம்பை இரண்டு மடங்காக உப்பிக்கொண்டு, முன்னாள் நீதிபதியின் முகத்துக்கு நேராக அலகை டக் டக்கென்று அடித்தது. அம்மா பின்வாங்கவில்லை, அதுவும் பின்வாங்கவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"பரவாயில்லையே" என்றார் அம்மா மெதுவாக. "தன் பக்கத்தைத் தானே பயமில்லாம பேசுது. உங்க ரெண்டு பேரையும்விடத் தேவலை."

பிறகு கூட்டைக் கவனித்தார். சுள்ளிகள் கொஞ்சம்தான். மீதியெல்லாம் வெட்டிப்போட்ட வயர்த் துண்டுகளும் வெள்ளை பிளாஸ்டிக் பட்டைகளும்.

"இதெல்லாம் யாரோடது?"

கெப்பாசிட்டர் எட்டிப் பார்த்தார். போன வருடம் சர்வீஸ் செய்தபோது அவரே நறுக்கி, அப்படியே விட்டுவிட்டு வந்தவை. காற்றைக் கெடுக்காமல் சிலிண்டர் சுமக்கிற பெரிய மனிதர்! காது நுனிவரை சுட்டது.

"என்னோடதுதான்மா."

"அப்ப வீடு கட்ட சாமான் கொடுத்ததும் நீங்கதான்."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டு நாற்காலிக்குத் திரும்பினார். துண்டைச் சரிசெய்துகொண்டார். தீர்ப்பு சொல்லும்போது அவர் குரல் ஒரு படி தாழ்ந்துவிடும் என்று அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

"எதிர்த்தரப்பு ரெண்டு பேரும் மைனர். அதனால அதுங்க பறக்கற வரைக்கும் இடைக்காலத் தடை. பறந்த மறுநாளே கூண்டு மாத்தி, வலை அடிச்சு, மெஷினை ஓட்டணும். அதுக்கு மேல ஒரு நாள்கூட வாய்தா கிடையாது. இனிமே வேலை செஞ்ச இடத்துல ஒரு துண்டு வயர் கிடக்கக்கூடாது. புரியுதா?"

"புரியுதும்மா." அவருக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது. அதை மறைக்க நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார். பார்த்தவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். காதைச் சொறிந்தார்.

"அம்மா, இந்த ஃபேன் ரொம்ப நாளா இப்படித்தான் சுத்துதா?"

"ஏசி வந்ததுலேருந்து யார் அதைப் பார்த்தா?"

ஏணி கேட்டு வாங்கி ஏறினார். பையில் கையை விட்டு எதையோ எடுத்து மாட்டினார். கீழே இறங்கி சுவிட்சைப் போட்டதும் விசிறி விர்ரென்று வேகமெடுத்தது. ஜன்னல் திரை எழுந்து ஆடியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் காற்றுக்குக் கொடுத்தார்.

"என்ன போயிருந்துச்சு?" என்று கேட்டார், கண்ணைத் திறக்காமலே.

கெப்பாசிட்டர் சொல்லத் தயங்கினார். மனைவிதான் சொன்னாள்: "கப்பல் வந்துடுச்சு மேடம்."

அதன்பின் குஞ்சுகள் பறந்த செய்தியை அம்மாவே போன் செய்து சொன்னார். இரண்டும் ஆந்தைத் தலையில் இடம் பிடிக்கச் சண்டை போடுகின்றனவாம். எதிர்த்துப் பேசிய குஞ்சுதான் ஜெயித்ததாம். சொல்லும்போது அந்தக் குரலில் லேசாகப் பெருமை இருந்ததாக மனைவி சத்தியம் செய்தாள்.

மறுநாள் கெப்பாசிட்டர் புதுக் கூண்டும் வலையும், குப்பைக்கென்று ஒரு சாக்குப்பையும் எடுத்துக்கொண்டு போனார். கயிற்றைக் கட்டி இறங்கினார். மூடியைத் திறந்தார்.

தாய்ப்புறா நகரவே இல்லை. அவர் விரலால் மெதுவாக அதன் வயிற்றைத் தள்ளிப் பார்த்தார். அடியில் வெள்ளை வெளேரென்று இரண்டு முட்டைகள்.

அவர் ஏசிமேல் கையை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றார். வாய்தா கிடையாது என்று அம்மா தெளிவாகச் சொல்லியிருக்கிறார். இந்த வேகாத வெயிலை மறுபடி தாங்கச் சொல்வது எந்த வாயால்? முட்டைகளை யாரும் பார்க்கவில்லை. சாக்குப்பை கையில்தான் இருந்தது. இன்னொரு பொய்யும் நாக்கு நுனியில் தயாராக இருந்தது, இந்தத் தடவை கம்ப்ரஸர் என்று சரியாகவே.

"என்ன ஆச்சு? வேலை ஆரம்பிக்கலையா?" உள்ளேயிருந்து அம்மாவின் குரல்.

சாக்குப்பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"முட்டைம்மா. ரெண்டு."

உள்ளே நாற்காலி நகர்ந்தது. காலடிச் சத்தம் ஜன்னல் பக்கம் வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கெப்பாசிட்டர்" என்று அம்மா முதல் தடவையாக அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "அடுத்த கப்பல் எப்பக் கிளம்புதுன்னு உங்க வீட்டம்மாகிட்ட கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."