யார் படத்துக்கு மாலை

உல்லன் நூலில் மாலை கட்டுவேன். சாமிப் படத்துக்கும் போடுவார்கள், இறந்தவர் படத்துக்கும் போடுவார்கள். இது என் தொழில் இல்லை. மலேசியாவில், பீடோங் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை எனக்கு. வேலை விட்டு வந்தால் டிவியில் நாடகம் ஓடும், கை சும்மா இருக்காது. அட்டைத் துண்டில் நூலைச் சுற்றி, நடுவில் இறுக்கிக் கட்டி, ஓரத்தை வெட்டினால் பூப்பந்து. பந்துகளை ஊசியில் கோத்தால் மாலை. எங்கள் தாமானில், இந்தக் குடியிருப்பில், யார் கேட்டாலும் கட்டிக் கொடுப்பேன். நூல் வாங்கித் தருவார்கள். சிலர் வாழைப்பழம் கொண்டு வருவார்கள்.

ஆன்லைனில் விற்கலாம் என்றாள் மருமகள். அவள் சுங்கை பட்டாணியில் கைப்பேசிக் கடையில் வேலை செய்கிறாள்.

"கோலாலம்பூர்க்காரங்களுக்கு இந்த மாதிரி மாலை எங்க கிடைக்கும் அத்தை? போட்டோ போட்டா அள்ளிட்டுப் போவாங்க."

"என் மாலையையா?"

"பின்ன, என் சமையலையா?"

சிரித்துவிட்டேன். எனக்கும் ஆசை இருந்தது. முகம் தெரியாத ஒருவர் நான் கட்டியதைப் பார்த்து, இது நம் வீட்டுக்கு வேண்டும் என்று கேட்டால் யாருக்குத்தான் கசக்கும்? இருந்தாலும் சரி என்ற சொல் வாயில் வரவில்லை. என்ன தடுக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. யோசிக்கிறேன் என்று சொல்லி வைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வெளியே வந்தேன். மருமகள் கண்ணாடி முன்னால் நின்றாள். கையில் போன். கழுத்தில் மாலை. வெள்ளையும் சந்தன நிறமும் கலந்தது, கீழே குஞ்சம் இல்லாதது. அடுத்த வரிசை வீட்டு அக்கா, காலமான தன் கணவர் படத்துக்குப் போடக் கேட்டிருந்தார்.

"கழட்டு! கழட்டுடி முதல்ல!"

அவளிடம் நான் அப்படிக் குரல் உயர்த்தியதில்லை. போன் தரையில் விழுந்தது.

"நீளம் தெரியட்டும்னுதான் அத்தை போட்டேன். ஏன் இப்படிக் கத்துறீங்க?"

"அது செத்தவங்க படத்துக்குக் கட்டினது."

அவள் மாலையைத் தொடாமல் கழுத்தை மட்டும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள். நான்தான் கழற்றினேன்.

"எனக்கு எப்படி லா தெரியும்? எல்லாம் மாலைதானே?"

என் கோபம் அங்கேயே இறங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவளுக்கே தெரியவில்லை. சாமிக்கு என்றால் சிவப்பு, மஞ்சள், கீழே குஞ்சம் வைப்பேன். இறந்தவருக்கு வெள்ளை, சந்தனம், குஞ்சம் கிடையாது. இது சாஸ்திரமா என்று தெரியாது. என் கைப்பழக்கம். கேட்டு வருகிறவர் வாசலில் நிற்கும்போதே யாருக்கு என்று சொல்லிவிடுவார். சொல்லாவிட்டாலும் முகத்தைப் பார்த்தால் தெரியும். போனில் பார்க்கிறவருக்கு வெள்ளை மாலை அழகாக இருக்கும், அவ்வளவுதான். வாங்கிக் கல்யாண வீட்டு வாசலில் தொங்கவிடுவார். எனக்குத் தெரியவே வராது. இத்தனை நாள் என்னைத் தடுத்தது அதுதான்.

கழுத்தில் ஏறிய மாலையை இன்னொருவர் படத்துக்குக் கொடுக்க முடியாது. கோர்வையை அறுத்தேன். மருமகள் அட்டையை எடுத்து நூல் சுற்ற உட்கார்ந்தாள். பந்து கோணலாக வந்தது.

"அத்தை, போட்டோவுக்குக் கீழ எழுதிப் போட்டா? இது சாமிக்கு, இது இறந்தவங்களுக்குன்னு."

"படிப்பாங்களா?"

"படிக்க மாட்டாங்க," என்று அவளே ஒத்துக்கொண்டாள்.

"கட்டி வச்சு விக்க வேணாம். யாருக்குன்னு கேட்டுட்டுக் கட்டித் தர்றேன்."

"கஸ்டமர்கிட்டப் போய், உங்க வீட்ல யாரு செத்தாங்கன்னு கேக்கவா? ப்ளாக் பண்ணிட்டுப் போயிருவாங்க லா!"

"போனா போகட்டும்."

அவள் இன்னொரு பந்து சுற்றினாள். பிறகு, "அப்போ நீங்களே கேளுங்க. எழுத வேணாம், வாய்ஸ்ல பேசி அனுப்புங்க. வயசானவங்க கேட்டா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க," என்றாள்.

"யாருடி வயசானவ?" என்றேன். ஆனால் நல்ல யோசனை.

அப்படித்தான் ஆரம்பித்தோம். மாலையை ஆணியில் மாட்டிப் படம் எடுத்தாள். கேட்டு வந்தவர்களுக்கு நான் பேசி அனுப்பினேன். "யார் படத்துக்குங்க?" இவ்வளவுதான் கேள்வி. சிலர் அதோடு காணாமல் போனார்கள். ஒருவர் லாரிக் கண்ணாடியில் தொங்கவிட என்றார். சிவப்பு எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

பாலிங்கிலிருந்து ஒரு பெண் வெள்ளை மாலை வேண்டும் என்று எழுதியிருந்தார். கேட்டேன். பதில் இல்லை. மறுநாளும் இல்லை.

"போச்சு," என்றாள் மருமகள்.

கேட்காமலே கொடுத்திருக்கலாமோ என்று எனக்கும் தோன்றியது. பள்ளிக்கூட வராந்தாவைக் கழுவும்போதெல்லாம் அதே நினைப்பு.

பிறகு அந்தப் பெண்ணின் குரல் வந்தது. மெதுவாகப் பேசினார்.

"அக்கா, உடனே சொல்ல முடியல. என் மகன் படத்துக்கு. இன்னும் சுவத்துல மாட்டல. அலமாரிலதான் இருக்கு."

"படம் எவ்வளவு அகலம் தங்கச்சி? அளந்து சொல்லு," என்று மட்டும் அனுப்பினேன்.

"அளந்துட்டுச் சொல்றேன்க்கா," என்றார்.

இன்னும் சொல்லவில்லை. அளக்க வேண்டுமென்றால் படத்தை அலமாரியிலிருந்து வெளியே எடுக்க வேண்டுமே. எடுக்கட்டும், அவசரம் இல்லை. வெள்ளை நூல் வாங்கி வைத்திருக்கிறேன்.